போகும் முன்னே எழுதிய குளம்

“டீச்சர், இதை எழுதுனது யாரு?”

இசக்கியம்மாள் ஒரு தாளை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்பதுதான் சரி. சிவப்பு மைப் பேனா உருண்டு கீழே விழுந்தது.

ஜெபக்கனி டீச்சர் அந்த நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர். குனிந்து பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்தார்.

“கையெழுத்து யாருது?”

“என்னுது.”

“பெறவு என்னைய எதுக்குட்டி கேக்க?”

“வாசகம் ஒங்களுது.”

டீச்சர் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

“பெல் அடிச்சாச்சு. போய் ஒக்காரு.”

இசக்கி போய் உட்கார்ந்தாள். ஏழாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அன்றைக்குப் பாடம், நீர்.

“நீர்?” என்றார் டீச்சர்.

“நிறமற்றது! மணமற்றது! சுவையற்றது!”

முப்பத்தொரு குரல்தான் கேட்டது.

 

அந்தத் தாள் வந்த கதை இதுதான்.

இசக்கியின் அம்மா மாடத்தி வாத்து வளர்ப்பவள். ஊருக்கு வடக்கே இருக்கிற குளத்தில்தான் அவை மேயும். அரிசி மில்லில் நெல் அவித்த கழிவுத் தண்ணீரை இரண்டு வருஷமாக அந்தக் குளத்தில் திறந்துவிடுகிறார்கள். போன ஐப்பசியில் வாத்துகள் கழுத்து தொங்கி ஒவ்வொன்றாகச் செத்தன. அறுபதில் மிச்சம் பதினொன்று.

மாடத்தி தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது.

“மனுதாரர் கூறுவதுபோல் மேற்படி குளத்து நீர் மாசடைந்திருப்பதாகத் தெரியவில்லை. உள்ளூர் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் கடந்த ஆண்டு களப்பயணம் மேற்கொண்டு, ‘குளத்து நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது’ என அறிக்கை அளித்துள்ளனர். எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது.”

அறிக்கையின் நகலையும் கூடவே பின் அடித்து அனுப்பியிருந்தார்கள். கண்காட்சியில் பரிசு வாங்கிய அறிக்கை. முத்து முத்தான எழுத்து. அடியில் பெயர்: மா. இசக்கியம்மாள், ஆறாம் வகுப்பு.

பெற்ற மகள் எழுதிய வரியை வைத்தே தாயின் மனுவை மூடிவிட்டார்கள். இப்படி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதில் ரப்பர் ஸ்டாம்பும் குத்தி அனுப்ப ஒருவருக்குக் கை வந்திருக்கிறது.

 

சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் மறுபடி மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், போன வருசம் கொளத்துக்குப் போனது சனிக்கிழம. நீங்க அறிக்கையைப் போர்டுல எழுதிப் போட்டது வியாழக்கிழம.”

“ஆமா.”

“பாக்கதுக்கு முன்னாலயே ‘பார்த்தோம், ரசித்தோம்’னு எழுதினோம்.”

“ஆமா.”

“சனிக்கிழமயும் பாக்கல. நாத்தம் தாங்காம வேன்ல இருந்து எறங்கவே இல்ல. ரோட்டோரமா புளிச்சோறு தின்னுட்டுத் திரும்பிட்டோம்.”

டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்தார். மூடினார்.

“என்ன வேணும் ஒனக்கு?”

“ஆபீஸ்ல கேட்டோம். பள்ளிக்கூடத்துல இருந்து புது அறிக்க, பெரிய சார் கையெழுத்தும் சீலும் போட்டு வந்தாத்தான் மனுவத் திரும்ப எடுப்பாங்களாம்.”

“இல்லன்னா?”

“இருக்க பதினோரு வாத்தும் சாவும். அம்மா செங்கச் சூளைக்குப் போயிருவா. என்னையும் கூட்டிட்டு.”

டீச்சர் டிபன் பாக்ஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

“சாப்பிட்டியாட்டி?”

“எனக்குப் பசிக்கல,” என்றாள் இசக்கி.

 

அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எரிச்சலாக வருகிறது.

வருஷத்துக்கு ஒரு களப்பயணம். சனிக்கிழமை போய்வருவார்கள். திங்கட்கிழமை கல்வி அதிகாரி வந்து அறிக்கை நோட்டுகளைப் பார்ப்பார். பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து எழுதினால் தப்பும் தவறுமாக இருக்கும், நேரமும் ஆகும். அதனால் முன்கூட்டியே எழுத வைத்துவிடுவது. தலைமையாசிரியர், அதாவது பெரிய சாரின் பீரோவில் பழுப்பேறிய ஒரு மாதிரி அறிக்கை இருக்கிறது. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் அதே ஏழு கொக்கு, அதே மலர்ந்த தாமரை, அதே கண்ணாடித் தண்ணீர். கடைசி வரி, ‘மகிழ்ச்சியுடன் பள்ளிக்குத் திரும்பினோம்.’

போகாத இடத்திலிருந்து மகிழ்ச்சியுடன் திரும்பி வருகிற பிள்ளைகள் வேறு எந்த ஊரிலாவது உண்டா?

களப்பயணத்துக்கு வேன் கொடுப்பது யார் என்று கேட்டீர்களானால், அந்த அரிசி மில்தான்.

 

வியாழக்கிழமை வந்தது.

டீச்சர் கரும்பலகையைத் துடைத்தார். மேலே சனிக்கிழமைத் தேதியைப் போட்டார்.

“எழுதிக்கிடுங்க. ‘நாங்கள் இயற்கை எழில் கொஞ்சும் குளத்திற்குச் சென்றோம்.’”

முப்பத்தொரு பேனாக்கள் ஓடின.

இசக்கி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்வரிசையில் கொம்பையா காலை நீட்டியதில் கீழே கிடந்த பக்கத்துப் பையனின் நோட்டை மிதித்துவிட்டான். டீச்சர் மேசையைத் தட்டினார்.

“ஏலே! படிக்கிற நோட்டை மிதிக்க? தொட்டுக் கும்பிடுலே!”

கொம்பையா நோட்டைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான்.

அப்போதுதான் டீச்சர் இசக்கியைப் பார்த்தார்.

“நீ ஏன் எழுதல?”

“இன்னும் பாக்கல டீச்சர்.”

“எல்லாரும் எழுதுதாங்கல்லா?”

“அவங்களும் பாக்கல.”

வகுப்பு சிரித்தது. டீச்சரின் முகம் சிவந்தது.

“வெளிய போ.”

இசக்கி வெளியே போனாள். நோட்டை எடுத்துக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

 

கொஞ்ச நேரத்தில் டீச்சர் வராந்தாவுக்கு வந்தார். கையில் சாக்பீஸ்.

“யாரு மேலட்டி ஒனக்குக் கோவம்?”

“ஒங்க மேல.”

“வேற?”

“பெரிய சார் மேல.”

“வேற?”

“மில்லுக்காரர் மேல. ஆபீஸ்காரங்க மேல.”

“வேற?”

இசக்கி யோசித்தாள்.

“வேற யாரும் இல்ல.”

“நல்லா யோசி. எழுதுன கை யாருது?”

இதைக் கேட்டுவிட்டு டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கேள்வியைப் போட்டுவிட்டுப் பிள்ளை தானாகத் தலைகுனியும் என்று காத்திருக்கிற நிற்பு அது.

இசக்கி தலை குனியவில்லை.

“எங்கைதான். அப்ப எனக்குப் பதினோரு வயசு. நீங்க எழுதுன்னு சொன்னீங்க, எழுதினேன். எழுதாட்டி அடிப்பீங்க. அழகா எழுதினா நோட்டைத் தூக்கி மத்தவங்களுக்குக் காட்டி எம்பேரைச் சொல்லுவீங்க. அதுக்காவ இன்னும் அழகா எழுதினேன். இப்ப எழுதுன கை யாருதுன்னு என்னையவே கேக்கீங்க! ஒங்களுக்கு வெக்கமா இல்லையா டீச்சர்?”

அவள் சொன்னது நியாயம். நடந்த தப்பையெல்லாம் ஒரு புதிராக மடித்துச் சிஷ்யன் தலையிலேயே கட்டிவிட்டுப் புன்னகை செய்கிற குருமார்கள் ஏராளம். அவர்களை நினைத்தால் எனக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெபக்கனி டீச்சர் புன்னகை செய்யவில்லை. கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது.

உள்ளே போனார். டஸ்டரை எடுத்தார்.

‘மகிழ்ச்சியுடன்’ வரை எழுதி முடித்திருந்த பலகையை மேலிருந்து கீழாகத் துடைத்தார்.

“எழுதுனதைக் கிழிங்க.”

“எதை டீச்சர்?” என்றான் கொம்பையா.

“பாக்காததை.”

முப்பத்தொரு தாள்கள் கிழிகிற சத்தம் வராந்தாவரை கேட்டது. இசக்கி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

 

பெரிய சார் மத்தியானம் சுற்றி வந்தார். நமச்சிவாயம் என்று பெயர். பாலிஷ் போட்ட ஷூ, மடிப்புக் கலையாத சட்டை.

“போர்டு என்ன டீச்சர் வெறிச்சுன்னு கெடக்கு?”

“இன்னும் போகல சார்.”

“அதான் மாதிரி அறிக்க குடுத்தம்லா?”

“அது வேற கொளம் சார்.”

பெரிய சார் வகுப்பைப் பார்த்தார். பிறகு இசக்கியைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“மில்லுக்காரர் காதுக்குப் போச்சுன்னா வேன் வராது.”

“நடந்து போயிக்கிடுதோம்.”

“திங்கக்கெழம அதிகாரி வரும்போது நோட்டு காலியா இருந்தா நான் என்ன பதில் சொல்ல? பெறவு ஒரு விசயம். பிள்ளைக கண்டபடி எழுதிட்டு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். எதையும் பாக்காமக் கையெழுத்துப் போடுத ஆள் நான் இல்ல, தெரிஞ்சுக்கிடுங்க.”

ஷூ சத்தம் வராந்தாவில் போய் மறைந்தது.

இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இவரு கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது.”

“முதல்ல போவோம்.”

“போயிட்டு?”

“பாப்போம்.”

“அது பதிலா டீச்சர்?”

“இல்ல,” என்றார் டீச்சர்.

 

சனிக்கிழமை வேன் வரவில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்தார்கள்.

குளத்துக்கு அரை கிலோமீட்டர் இருக்கும்போதே பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஊறிப் புளித்துப்போன நெல்லின் வாடை. கரைமேல் ஏறினார்கள்.

தண்ணீர் கறுப்பாக இருந்தது. மேலே பழைய சோற்றில் படிகிற மாதிரி ஓர் ஆடை. தாமரை இல்லை.

டீச்சருக்கு வாயில் வந்தது பழக்கதோஷம்தான்.

“நீர்?”

“நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது!”

மூக்கைப் பிடித்தபடியே, மூக்கால் சொன்னார்கள். கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். ஒரு பிள்ளைக்கும் சிரிப்பு வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

டீச்சர் திரும்பி இசக்கியைப் பார்த்தார். அவள் டீச்சரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“நோட்டை எடுங்க,” என்றார் டீச்சர். “எழுதுங்க.”

எல்லோரும் நோட்டை விரித்தார்கள். பேனாவைத் திறந்தார்கள். டீச்சரின் வாயைப் பார்த்தார்கள்.



“மொத வரி சொல்லுங்க டீச்சர்.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“பெறவு எப்படி டீச்சர் எழுத?”

கொம்பையா மட்டும் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தான். டீச்சர் எட்டிப் பார்த்தார். ‘ஏழு கொக்குகளைக் கண்டோம்.’

“எங்கலே ஏழு கொக்கு?”

கொம்பையா குளத்தைச் சுற்றிலும் பார்த்தான். தூரத்தில் ஒரே ஒரு கொக்கு நின்றது. கருவேலமரத்தில் ஐந்தாறு வெள்ளைப் பிளாஸ்டிக் பைகள் தொங்கின.

“அதையும் சேத்துக்கிட்டா வந்துரும் டீச்சர்.”

டீச்சர் கை ஓங்கினார். ஓங்கிய கையைப் பார்த்தார். இறக்கிக்கொண்டார்.

பையனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? தினமும் பலகையைப் பார்த்து எழுதி, அச்சுப் பிசகாமல் எழுதியதற்கு மார்க் வாங்கி வளர்ந்த பிள்ளை. ஏழு என்றால் ஏழு. கொக்குதான் கணக்குக்கு ஒத்துவர வேண்டும்.

இசக்கி கரைச் சரிவில் தனியாகப் போய்க் குந்தியிருந்தாள். அந்த ஒற்றைக் கொக்கையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுதினாள். முத்து முத்தாக இல்லை, கோணல்மாணலாக.

‘கொக்கு ஒண்ணு நிக்குது. ரொம்ப நேரமா நிக்குது. தண்ணியில வாய் வைக்கல.’

பக்கத்திலிருந்த பிள்ளை எட்டிப் பார்த்தது. “இப்படியெல்லாம் எழுதலாமாட்டி?”

“பாத்தியா, இல்லையா?”

“பாத்தேன்.”

“பெறவென்ன?”

மெல்ல மெல்லப் பேனாக்கள் நகர ஆரம்பித்தன. நாற்றம் என்று எழுதலாமா, நாத்தம் என்று எழுதலாமா என்று ஒருவன் கேட்டான். மூக்கைக் கேள் என்றாள் இசக்கி. கொம்பையா ஏழை அடித்துவிட்டு ஒன்று போட்டான்.

 

டீச்சரும் ஒரு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். ஒரு கல்லில் உட்கார்ந்து எழுதினார். எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். எழுந்து வந்து நோட்டையும் சிவப்பு மைப் பேனாவையும் இசக்கியிடம் நீட்டினார்.

“திருத்து.”

“நானா?”

“திருத்து.”

இசக்கி வாசித்தாள். ஒரே வரிதான்.

‘குளத்து நீர் சற்றுக் கலங்கலாகக் காணப்பட்டது.’

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

“சற்றா?”

டீச்சர் வேறு பக்கம் பார்த்தார்.

“எங்க இருந்து பாத்தீங்க டீச்சர்?”

“இங்கன இருந்துதான். கரையில இருந்து.”

“எங்க வாத்துக கரையில நிக்கல.”

இசக்கி பேனாவைத் திறந்து, வரியின் குறுக்கே கோடு இழுத்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி இழுத்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“பாத்துட்டு வந்து எழுதுங்க.”

பிள்ளைகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு டீச்சருக்கு ஒரு பிள்ளை சிவப்பு மையில் அடித்துக் கொடுத்ததை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

டீச்சர் நோட்டைக் கீழே வைத்தார். செருப்பைக் கழற்றினார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினார்.

“ஒருத்தரும் பின்னால வரப்படாது. வந்தா காலை ஒடிச்சிருவேன்.”

சரிவில் இறங்கினார். கறுப்புச் சகதியில் ஒரு கால் வைத்தார். கால் கெண்டைவரை உள்ளே போனது. அப்படியே நின்றார். குனிந்து பார்த்தார். அழுதாரா, வைதாரா தெரியவில்லை. உதடு அசைந்தது.

அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு பைக் வந்து நின்றது. பெரிய சார். கரைக்கு வராமல் ரோட்டிலேயே நின்றுகொண்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி கத்தினார்.

“டீச்சர்! என்ன செய்யுதீங்க அங்க? பிள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க! மில்லுல இருந்து எனக்குப் போன் மேல போன்!”

டீச்சர் காதில் வாங்காமல் மேலே ஏறி வந்தார். வலது கால் கணுக்காலுக்கு மேல்வரை கறுத்திருந்தது. சொட்டிக்கொண்டிருந்தது.

“இசக்கி, நோட்டுல புதுப் பக்கம் எடு. தரையில வை.”

வைத்தாள்.

ஜெபக்கனி டீச்சர் அந்த வெள்ளைத் தாள்மேல் கறுத்த காலைத் தூக்கி வைத்தார். அழுத்தி வைத்தார். எடுத்தார்.

பிள்ளைகள் அத்தனை பேரும் பதறிப்போனார்கள்.

“டீச்சர்!” கொம்பையா அலறியேவிட்டான். “தொட்டுக் கும்பிடுங்க டீச்சர்!”

டீச்சர் கும்பிடவில்லை. குந்தி உட்கார்ந்து, ஐந்து விரலும் குதிகாலும் தெரிகிற அந்தக் கறுப்புத் தடத்துக்கு அடியில் கையெழுத்துப் போட்டார். அன்றைய தேதியைப் போட்டார்.

“திருத்து,” என்றார்.

இசக்கி அதைப் பார்த்தாள். பேனாவைத் திறக்கவில்லை.

“வார்த்த ஒண்ணும் இல்லையே டீச்சர்.”

“நீங்க முப்பத்திரண்டு பேரு எழுதுனது இருக்குல்லா. அதுக்கெல்லாம் மேல இதை வச்சுக் கட்டு. திங்கக்கெழம காலையில நானே ஒங்க அம்மா கூட ஆபீசுக்கு வாரேன்.”

இசக்கி தாளை எடுத்தாள். சகதி அவள் விரலிலும் ஒட்டியது. கோபம் இறங்கவில்லை. ஆனால் தாள் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“பெரிய சார் கையெழுத்து வேணுமே டீச்சர். அது இல்லாம எடுக்க மாட்டாங்களே.”

டீச்சர் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். பெரிய சார் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். பாலிஷ் போட்ட ஷூ வெயிலில் மின்னியது.

“பாக்காமக் கையெழுத்துப் போட மாட்டாராம்லா. அவருக்கும் காலு இருக்குல்லா,” என்றார்.

ரோட்டைப் பார்த்து நடந்தார்.